குழந்தை வளர்ப்பில் முதல் மார்க்

இந்தப் பையில போட்டிருக்கிற பேரைப் பாத்துத்தானே கேட்டீங்க? ஆமாக்கா, அந்தச் சமுதாயக் கல்லூரியிலதான் படிச்சேன். போன வருஷம். உங்க தங்கச்சியைச் சேக்கணுமா? சேருங்க, தாராளமாச் சேருங்க. நல்ல காலேஜ்தான். நான் குறை சொல்ற ஆள் இல்லை. பொதுவாவே யார்கிட்டயும் வாயைத் திறக்க மாட்டேன், அவ்வளவு கூச்சம். கல்யாணமாகி என் குரல் எப்படியிருக்கும்னு எங்க வீட்டுக்காரருக்குத் தெரியவே மாசக்கணக்காச்சு. உங்ககிட்டப் பேசுறேன்னா, திருநெல்வேலியில இறங்கிட்டா நீங்க யாரோ, நான் யாரோ. அந்தத் தைரியம்தான். இவ கால் உங்க சீலையில படுதா? தள்ளிவிடுங்க, முழிக்க மாட்டா. என் மகதான். தன்விகா. நாலு வயசு நடக்குது.

அந்தக் காலேஜுக்கு எட்டாவது படிச்சிருந்தாப் போதும். ஆட்டோவுல மைக்கைக் கட்டிட்டுத் தெருத்தெருவா அப்படித்தான் சொல்லிட்டுப் போனாங்க. நானும் எட்டாவதுதான். அப்ப நான் தீப்பெட்டி ஆபீஸ்ல கட்டை அடுக்கிட்டிருந்தேன். தீக்குச்சியைச் சட்டத்துல ஒவ்வொண்ணா வரிசையா வைக்கணும், அதுதான் வேலை. குனிஞ்ச தலை நிமிர வேண்டாம், யாரோடயும் பேச வேண்டாம். எனக்குன்னே செஞ்ச வேலை மாதிரி இருக்கும். ஆனா இவளுக்காகத்தான் விட்டேன். எங்க ஊர்ல ஒரு இங்கிலீஷ் நர்சரி ஸ்கூல் இருக்கு. குழந்தைப் பராமரிப்பு டிப்ளமோ முடிச்சா மிஸ் வேலை தருவாங்க, மிஸ்ஸோட பிள்ளைக்கு ஃபீஸ் கிடையாது. அந்த ஒரு ஆசைதான். எங்க அத்தை, வீட்டுக்காரரோட அம்மா, "ஒரே வருஷம்தான் பொறுப்பேன். தேறாட்டி மறுநாளே கட்டை அடுக்கப் போயிரணும், பேத்தி கவர்மெண்டு பள்ளிக்கூடத்துக்குப் போயிரணும்"னு சொல்லிட்டாங்க.

அங்க நாலு படிப்பு இருந்துச்சு. நோயாளி கவனிப்புப் படிச்ச பிள்ளைங்க இன்னைக்கு ஆஸ்பத்திரிகள்ல நல்லா இருக்கு, அதைச் சொல்லலன்னா பாவம். கம்ப்யூட்டர் படிச்ச ஒருத்தி ஜெராக்ஸ் கடையில நிக்கிறா. நிழல்ல நிக்கிறா, அதுவும் நல்லதுதானே. தையல்காரிங்களுக்கு ஓடுறதே ஒரு மிஷின்தான். வருஷம் முழுக்கக் காலேஜ் டைரக்டர் சார் வீட்டு ஜன்னலுக்குத் திரைச்சீலை தச்சாங்க. அவர் வீட்டுல எத்தனை ஜன்னலோ. கடைசி மாசம் வரைக்கும் தச்சாங்க. நாங்கதான் குழந்தைப் பராமரிப்பு.

மொத நாள் நாங்க ஏழெட்டுப் பேர் இடுப்புல பிள்ளையோட போய் நிக்கோம். கேட்டுல ஒரு போர்டு: 'குழந்தைகளுடன் உள்ளே வரக் கூடாது.' நாங்க ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டோம். எங்களோட சேந்த மரியசெல்வம் அக்கா இருக்கே, அது பேசுற ரகம். "சார், குழந்தை வளக்கப் படிக்க வந்திருக்கோம். குழந்தையை எங்க போட?"ன்னு கேட்டுச்சு. டைரக்டர் சார் தன்மையாத்தான் பதில் சொன்னாரு. "அதெல்லாம் உங்க சொந்தப் பிரச்சினைம்மா. இது கல்வி நிலையம். போன வருஷம் ஒரு வாண்டு வயரைப் பிடிச்சு இழுத்து ஒரு கம்ப்யூட்டரே கீழ விழுந்துருச்சு." அவ்வளவுதான், பைக்கை எடுத்துட்டுப் போயிட்டாரு.

காலேஜுக்கு எதித்தாப்புல மூடிக் கிடக்கிற ஒரு தீப்பெட்டி ஆபீஸ் இருக்கு. அதுல நீளமா ஒரு தாழ்வாரம். பிள்ளைங்களை அங்க விட்டுட்டு, ஆளுக்கொரு நாள் ஒருத்தர் காவலுக்கு இருக்கிறதுன்னு பேசிக்கிட்டோம். இருக்கிறவளுக்கு உள்ள யாராவது 'ப்ரசன்ட் மேடம்' சொல்லிருவாங்க. எங்க ஷைனி மேடத்துக்கு அது தெரியும். தெரியாத மாதிரி நோட்டுல குனிஞ்சிக்கிடுவாங்க. நாகர்கோவில் பக்கத்துப் பிள்ளை, கல்யாணம் ஆகலை, குணத்துல தங்கம்.

ஆளுக்கொரு நாள்னுதான் பேச்சு. ஆனா பாருங்க, கடைசியில எல்லாம் என் தலையிலதான் விடிஞ்சது. வாய் இல்லாதவன்னா எல்லாருக்கும் இளப்பம்தான். மரியசெல்வம் அக்கா என்ன செய்யும்னா, வெள்ளிக்கிழமையானா வந்து நிக்கும். "ஏட்டி கனி, இன்னைக்கு நான் இருக்கேன், நீ உள்ள போ"ன்னும். வெள்ளிக்கிழமை இங்கிலீஷ் பேச்சுப் பயிற்சி. ஒவ்வொருத்தரா முன்னால போயி நின்னு, 'மை நேம் இஸ்'ஸுன்னு ஆரம்பிச்சு அஞ்சு வரி சொல்லணும். நான் ஒரு தடவை நின்னு பாத்தேன். பேர் வரைக்கும் வந்துச்சு. அதுக்கப்புறம் ஏதோ காத்து மட்டும் வந்துச்சு. அதனால "பரவால்லக்கா, நீங்க போங்க, நீங்க படிங்க, நான் பாத்துக்கிடுதேன்"னு சொல்லிருவேன். மத்த நாளும் அப்படித்தான். யாராவது வந்து கேட்டா விட்டுக் குடுத்திருவேன். என் சுபாவம் அது. ஒருத்தியாவது 'இல்ல, நீதான் போகணும்'னு கையைப் பிடிச்சு இழுத்திருப்பாளா? மரியசெல்வம் அக்கா ரெண்டு மூணு தடவை இழுத்துச்சு. அதெல்லாம் பேருக்கு.

ஆனாலும் உள்ளயும் போயிருக்கேன், போகாம இல்லை. பொம்மை க்ளாஸுக்குப் போவேன். மெட்ராஸ்ல இருந்து வந்த பொம்மை. மஞ்ச முடி, நீலக் கண்ணு. படுக்க வச்சா கண்ணை மூடும், வயித்தை அமுக்கினா 'மம்மி'ங்கும். ஷைனி மேடம் அதைக் கால்ல போட்டுக் குளிப்பாட்டிக் காட்டுவாங்க. "வெந்நீர் சூட்டை முழங்கை வச்சுப் பாக்கணும். கழுத்துக்குக் கை குடுக்கணும்." சுத்தி நிக்கிறது பூராவும் ரெண்டு பெத்தவ, மூணு பெத்தவ. மரியசெல்வம் அக்கா கேட்டுச்சு, "மேடம், இந்தப் பிள்ளைக்குச் சளி பிடிச்சா என்ன செய்ய?" மேடம் பொம்மையைத் திருப்பி முதுகைப் பாத்தாங்க. "அதுக்கு முன்னால பேட்டரியைக் கழட்டிருங்க"ன்னாங்க. அன்னைக்குச் சிரிச்ச சிரிப்புல எனக்கு விலா நொந்துருச்சு.

அப்புறம் வாழ்வியல் திறன்னு ஒரு க்ளாஸ். ஒரு சார் வந்து கண்ணை மூடச் சொல்லுவாரு. "உங்க மனசுல ஒரு ஆறு ஓடுது, நீங்க கரையில உக்காந்திருக்கீங்க"ன்னு மெதுவாச் சொல்லுவாரு. ஆத்துக்குப் போனவ ஒருத்திகூடத் திரும்பி வரமாட்டா. மொத்த க்ளாஸும் குறட்டை. கல்யாணத்துக்கு அப்புறம் பகல்ல நாங்க தூங்கினது அந்த ஒரு மணி நேரம்தான். அந்தச் சார் எங்களைப் பத்தி டைரக்டர்கிட்ட, "நல்ல மன ஒருமைப்பாடு"ன்னு சொல்லியிருக்காரு. இப்படியும் ஒரு படிப்பு கிடைக்குமாக்கா? அதனாலதான் சொல்றேன், தங்கச்சியைச் சேருங்க.

சரி, என் விஷயத்துக்கு வாரேன். இவளோட சேத்து ஏழெட்டுப் பிள்ளைங்களை ஒத்தையா வச்சுக்கிட்டு இருக்கிறது லேசுன்னு நினைக்காதீங்க. ஒண்ணு ரோட்டுக்கு ஓடும், ஒண்ணு மண்ணைத் திங்கும். மரியசெல்வம் அக்கா மகன் ஜெர்வின் இருக்கானே, அவன் மத்ததைக் கடிப்பான். மொதல்ல கதை சொல்லிப் பாத்தேன். எனக்குத் தெரிஞ்ச கதையெல்லாம் ஒரே காலையில தீந்துபோச்சு. போனைக் குடுத்தேன், நெட்டு தீந்துபோச்சு. ஒரு நாள் ஜெர்வின் மண்ணுல புரண்டு கத்திட்டு இருக்கான், அம்மா வேணும்னு. அந்த நேரம் பாத்து ஷைனி மேடம் போன் பேசக் கேட்டுக்கு வெளிய வந்தாங்க. உள்ள சிக்னல் கிடைக்காது. வெள்ளைக் கோட்டு போட்டிருந்தாங்க. நோயாளி கவனிப்புக்கு வாங்கின கோட்டுல மிச்சம் இருந்ததை டைரக்டர் சார் எங்களுக்கும் குடுத்துட்டாரு, செய்முறைக்கு எல்லாரும் அதைத்தான் போடணும். ஜெர்வின் கோட்டைப் பாத்தான். டப்புனு வாயை மூடினான்.

எனக்கு அப்பத்தான் புரிஞ்சுச்சு. "பாத்தியா, அதுதான் ஊசி மேடம். சத்தம் போடுற பிள்ளைக்கு இந்தா பெரிய ஊசி போடுவாங்க"ன்னேன். அன்னையில இருந்து வேலை லேசாயிருச்சு. கேட்டைக் கையைக் காட்டினாப் போதும், ஏழெட்டும் வாயில விரலை வச்சுக்கிட்டு வரிசையா உக்காந்திரும். சட்டத்துல அடுக்கின குச்சி மாதிரி. உளவியல் பாடத்துல போட்டிருந்தது, ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சாவி உண்டு, அதைக் கண்டுபிடிக்கிறவளே நல்ல ஆசிரியைன்னு. எனக்கு எல்லாத்துக்கும் சேத்து ஒரே சாவியாக் கிடைச்சிருச்சு. அதை யார்கிட்டயும் சொல்லிக்கிடலை. பெருமையடிக்கிற பழக்கம் நமக்கு இல்லை.

பரீட்சை வந்துச்சு. எழுத்துப் பரீட்சை எப்படியோ ஓடிப்போச்சு. செய்முறைதான் பயம். வெளியில இருந்து ஒரு ஆள் வந்து உக்காருவாங்க, அவங்க முன்னால பத்து நிமிஷம் பாடம் நடத்தணும். எனக்கு வந்தது வண்ணங்கள். வழக்கமா பொம்மையை வரிசையா உக்கார வச்சு நடத்துறதுதான். பொம்மைன்னா நானும் எப்படியோ சமாளிச்சிருவேன்னு இருந்தேன். எனக்குக் கடைசி நம்பர். அதனால அன்னைக்கும் பிள்ளைங்களோட தாழ்வாரத்துலதான் இருந்தேன், கோட்டை மடிச்சு மடியில வச்சுக்கிட்டு, 'சிவப்பு, நீலம், மஞ்சள்'னு சொல்லிப் பாத்துக்கிட்டு. மறுநாள் கட்டை அடுக்குற சட்டம்தான் கண்ணு முன்னால நிக்குது.

மதுரையில இருந்து ஒரு அம்மா வந்திருந்தாங்க. கண்ணாடி, நரைச்ச கொண்டை. பொம்மையைப் பாத்துட்டு, "என்ன இது கொலு? பிள்ளைங்க எங்க? உயிருள்ள பிள்ளைங்க?"ன்னு கேட்டிருக்காங்க. டைரக்டர் சாருக்கு வேர்த்துப் போச்சாம். வெளிய ஓடி வந்தாரு. வருஷம் முழுக்க அந்தப் பிள்ளைங்களை ஹார்ன் அடிச்சு விலக்கிட்டுப் போனவரு, அன்னைக்குத்தான் நின்னு பாத்தாரு. "அட, எத்தனை செல்லங்க! வாங்க கண்ணுகளா, உள்ள வாங்க"ன்னு ரெண்டைத் தூக்கிக்கிட்டாரு. கேட்டுப் போர்டு மேல 'நல்வரவு'ன்னு ஒரு பேனரை எடுத்துப் போத்தியாச்சு.

உள்ள கூட்டிட்டுப் போனோம். கதவைத் திறந்தா, அக்கா, அறை நிறைய வெள்ளைக் கோட்டு. சுவரோரமா வரிசையா. ஒரு ஊசி மேடத்தைப் பாத்தே வருஷம் முழுக்க வாயை மூடின பிள்ளைங்க. அங்க இருபது நிக்குது.

பிள்ளைங்க கத்தின கத்து இருக்கே! ஒண்ணு டைரக்டர் சார் இடுப்புலயே ஒண்ணுக்குப் போயிருச்சு. ஜெர்வின் ஜன்னல் கம்பியில ஏறிட்டான். மரியசெல்வம் அக்கா "லேய், நான்தாம்ல, அம்மாடா"ன்னு கிட்ட போகப் போக அவன் மேல மேல ஏறுறான். பெத்தவளே கோட்டுப் போட்டு நின்னா பிள்ளைக்கு எப்படித் தெரியும்? ஒருத்தி பூனைப் பாட்டு பாடினா, ஒருத்தி யானை மாதிரி நடந்து காட்டினா. யானையைப் பாத்து இன்னும் கூடத்தான் அழுதுச்சு. அந்த மதுரை அம்மா காதைப் பொத்திக்கிட்டு ஒவ்வொருத்திக்கும் மார்க்கைக் குறைச்சுக்கிட்டே வாராங்க. எல்லாம் அவங்கவங்க பிள்ளைங்களை வளத்த லட்சணம். வேற என்ன சொல்ல?

என் முறை வந்துச்சு. கோட்டைப் போட்டுக்கிட்டு முன்னால போனேன். கையில மூணு அட்டை. வாயைத் திறந்தா அதே காத்து. பிள்ளைங்க கதறுது, அந்த அம்மா பேனாவை எடுத்துட்டாங்க. எனக்குப் பின்னால எங்க அத்தை நிக்கிற மாதிரியே இருக்கு. நான் என்ன செய்யணும்னே நினைக்கலை, கை தானாப் போச்சு. ஷைனி மேடம் பக்கம் ஒரு விரலைக் காட்டி, பிள்ளைங்களுக்கு மட்டும் கேக்கிற மாதிரி, அதுக்கு மேல எனக்குச் சத்தமும் வராதே, சொன்னேன்: "ஊசி மேடம் நிக்காங்க. சத்தம் கேட்டுச்சுன்னா போட்டுருவாங்க."

அவ்வளவுதான். சுவிட்சை அமத்தின மாதிரி நின்னுச்சு. ஜெர்வின் கம்பியில இருந்து இறங்கி வந்து வரிசையில உக்காந்தான். எல்லாம் வாயில விரல். தன்னைத்தான் பிரியமாப் பாக்குதுங்கன்னு நினைச்சு ஷைனி மேடம் சிரிச்சாங்க பாருங்க, பிள்ளைங்க இன்னும் ஒடுங்கி உக்காந்துச்சு. நான் சிவப்பு அட்டையைக் காட்டினேன். "சிவப்பு"ன்னேன். "சிவப்பு"ன்னு ஒரே குரல். மஞ்சள்னா மஞ்சள். பதட்டத்துல நீலத்தைக் காட்டிப் பச்சைன்னு சொல்லிட்டேன், அதுக்கும் "பச்சை"ன்னுச்சு. ஒண்ணுகூட எதித்துப் பேசலை.

அந்த அம்மா எழுந்திரிச்சே வந்துட்டாங்க. "ஒரு அதட்டு இல்லை, கையை ஓங்கலை. காதோட என்னம்மா சொன்னே?"ன்னு கேட்டாங்க. எனக்கு எங்க பேச்சு வருது? தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். "அடக்கமான பொண்ணு. பிள்ளைங்களைப் பேசியே வசப்படுத்துறா"ன்னு டைரக்டர்கிட்டச் சொன்னாங்க. முதல் மார்க் எனக்குத்தான். மேடையில ஏத்திச் சால்வை போட்டு இந்தப் பையையும் குடுத்தாங்க. வகுப்புல பாதிப் பேரு மறுபடியும் எழுதணும்னு ஆயிருச்சு. மரியசெல்வம் அக்காவும்தான். வாய் மட்டும் இருந்தாப் போதுமா?

அந்த அக்கா ரெண்டு வாரம் கழிச்சு வீட்டுக்கு வந்துச்சு. வாழ்த்துச் சொல்லத்தான் வருதுன்னு நான் காப்பியைப் போட்டுட்டேன். "ஏட்டி, எம்பிள்ளையை வருஷம் பூரா ஊசின்னு சொல்லியா வச்சிருந்தே? காய்ச்சல்னு தூக்கிட்டுப் போனா டாக்டர் கையைக் கடிச்சு வச்சிட்டான். தெருவுல வெள்ளைச் சட்டை போட்டவனைப் பாத்தாச் சாக்கடைக்குள்ள ஓடுறான். உன்னை நம்பித்தானடி விட்டோம்"னு ஒரே சத்தம். நான் ஒரு வார்த்தை திருப்பிப் பேசலை. பொறாமைக்காரங்ககிட்ட என்ன பேச? காப்பியை மட்டும் நீட்டினேன். குடிக்காமப் போயிருச்சு. அந்தப் பையன் முன்னாலயே கடிக்கிற பையன்தான், நான் உங்ககிட்டச் சொன்னேன்ல?

நர்சரி ஸ்கூல்ல வேலை கிடைச்சுது. இவளுக்கும் சீட்டு. ஜம்முனு போகுது. கரெஸ்பாண்டன்ட் அம்மா மத்த மிஸ்ஸுங்களை என் க்ளாஸ் வாசல்ல கொண்டுவந்து நிறுத்தி, "கனி மிஸ் க்ளாஸைப் பாருங்க, குண்டூசி விழுந்தாக் கேக்கும்"பாங்க. அங்கயும் மிஸ்ஸுங்களுக்கு வெள்ளைக் கோட்டுதான். நான் பெரிசாக் கஷ்டப்படவே வேண்டியதில்லை.

இவதான். இவதான் ஸ்கூல்ல வாயே திறக்க மாட்டேங்கிறா. ஏ, பி, சி, டி வேண்டாம், 'ப்ரசன்ட்'டாவது சொல்லணும்ல? ஒண்ணுக்கு வந்தாக்கூடச் சொல்றதில்லை, அப்படியே போயிருதா. இத்தனைக்கும் வீட்டுல வாய் ஓயாது. காலையில தலை சீவும்போது, "அம்மா, நேத்து அந்த நாய்க்குட்டி இல்ல, அது வந்து"ன்னு ஆரம்பிப்பா. நான் கோட்டை எடுத்துப் பொத்தானைப் போடுவேன். அதோட சரி. பாதி வார்த்தையில நின்னுரும். அந்த நாய்க்குட்டி என்னாச்சுன்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. தெருவுல என் கையைப் பிடிக்க மாட்டா, ரெண்டடி பின்னாலதான் வருவா. மிஸ்ஸுங்கிற மரியாதை. சாயந்தரம் கோட்டைக் கழட்டி ஆணியில மாட்டின பிறகு, கொஞ்ச நேரம் ஆணியைப் பாத்துட்டு, அப்புறம்தான் மடிக்கு வருவா.

எல்லாம் என் ரத்தம். என் கூச்சம் அப்படியே வந்திருக்கு, வேற என்ன? ஆனா கரெஸ்பாண்டன்ட் அம்மா ஒத்துக்கிட மாட்டேங்கிறாங்க. "மிஸ் பிள்ளையே பேசலன்னா மத்த பேரன்ட்ஸ் என்ன நினைப்பாங்க? பொங்கலுக்குள்ள டாக்டர்ட்டக் காட்டிச் சரிபண்ணுங்க, இல்லன்னா இந்தச் சீட்டை வேற பிள்ளைக்குக் குடுத்துருவேன்"னுட்டாங்க. அதான், பெரிய ஆஸ்பத்திரியில பேச்சுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காங்களாம், அங்கதான் கூட்டிட்டுப் போறேன். அக்கா, ஆஸ்பத்திரிங்கிற வார்த்தையை மட்டும் சத்தமாச் சொல்லிராதீங்க. ஜவுளிக் கடைக்குப் போறோம்னு சொல்லித்தான் கிளப்பியிருக்கேன். உள்ள போனதும் எப்படியிருப்பாளோ, அதை இப்ப நினைக்க வேண்டாம்.

இந்தா, திருநெல்வேலி வண்ணார்பேட்டை வந்துருச்சு. பாப்பா, எந்திரி. எந்திரிடா, கடை வந்துருச்சு. இல்லம்மா, கோட்டு கொண்டு வரலை, பையில துணிதான் இருக்கு, பாரு. ஏன் அழுற? அங்க யாரும் இருக்க மாட்டாங்க. சொன்னாக் கேளு. பஸ்ல எல்லாரும் பாக்காங்க, எனக்கு வெக்கமா இருக்கு. அழாதங்கிறேன்ல. இந்தா இருக்காங்க பாரு, இந்தப் பெரியம்மா, அழுற பிள்ளையைச் சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிருவாங்க.

அக்கா, தப்பா நினைச்சுக்கிடாதீங்க. கொஞ்சம் முறைச்சு மட்டும் பாருங்க.